வாய் கொப்பளித்த இருபது நிமிடம்

ஜாபர் அலி, வயது 49, தகப்பனார் சையத் இப்ராஹிம், டீக்கடை, ஒண்டிக்கடைப் பகுதி, ஏற்காடு. 12.11.1988 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்படி இடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடை நடத்தி வருகிறேன். இறந்துபோன ஐயாக்கண்ணு, வயது 52, தலைச்சோலை ஊர்க்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், என் சிநேகிதர். சென்ற வருடம் அவருக்கு மாரடைப்பு வந்து பிழைத்தார். இனி சிகரெட்டைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு அவர் மனைவி கண்ணம்மாள் என் கடைக்கு வந்து, "ஏனுங்க பாய், அவரு கேட்டா குடுத்துராதீங்க, உங்களைத்தான் நம்பியிருக்கறனுங்க" என்றார். சரி என்றேன். நான்கு நாள்தான் தாக்குப்பிடித்தேன். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தினமும் சமையல்கட்டுக்குப் பின்னால் நிற்க வைத்துக் கொடுத்தேன். புகைத்து முடித்ததும் வாய் கொப்பளித்து, கொய்யா இலை மென்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இலை பறித்துக் கொடுப்பதும் நான்தான்.

நேற்று முன்தினம் காலை பத்து மணிக்கு அவர் சிகரெட்டும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் சட்டை வேர்வையில் நனைந்தது. கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் மரியதாஸ், சந்தைக்குக் காய் வாங்க வந்திருந்த கண்ணம்மாளையும் வழியில் ஏற்றிக்கொண்டு சேலம் போய்விடலாம் என்று வண்டியைக் கிளப்பினார். ஐயாக்கண்ணு என் கையைப் பிடித்து, "பாய், நாத்தத்தோட என்னை ஏத்தீராதீங்க, அவ நொம்ப அழுவா" என்றார். அவருக்கு வந்த பயம்தான் எனக்கும். அவரைச் சுவரில் சாய்த்து வாய் கொப்பளிக்க வைத்தேன். தண்ணீர் தாடையில் வழிந்தது. அதன் பிறகு புகை நாற்றமடித்த அவர் சட்டையை எடுத்துவிட்டு, என் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டேன். இலையைக் கசக்கி நானே வாயில் வைத்தேன். மரியதாஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் போயிற்று.

நானும் வண்டியில் உடன் போனேன். மலையடிவாரத்தில் குப்பனூர் வருவதற்குள் கண்ணம்மாள் மடியில் அவர் உயிர் பிரிந்தது. ஆஸ்பத்திரியில், வலி வந்து எவ்வளவு நேரத்தில் கிளம்பினீர்கள் என்று கேட்டார்கள். உடனே என்று பொய் சொன்னேன். முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று அடக்கம் முடிந்ததும் கண்ணம்மாள் எல்லார் முன்னாலும் என்னைக் கும்பிட்டு, "ஒரு வருசம் அந்தக் கருமத்தைத் தொடாம பாத்துக்கிட்டீங்க பாய், நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். வெட்கங்கெட்டவன். இன்று காலை உண்மையைச் சொல்லப் போய், அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

என்மீது யாரும் புகார் கொடுக்கவில்லை, நானாகவே வந்தேன். வழக்குப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. இதை அந்த அம்மாள் எதிரில் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

எழுதியதைப் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

(ஒப்பம்) ஜாபர் அலி