எவ்வளவு எரிஞ்சிருக்கு, வீரபாண்டி?

பாலவனத்தம் விலக்கில், ஊருக்கு ரோடு பிரிகிற இடத்தில், காலை ஆறரைக்கே பூரி சூடாகக் கிடைக்கும். கடைக்காரர் பாண்டீஸ்வரன் கிழங்கில் இஞ்சியைக் கொஞ்சம் கூடத் தட்டிப் போடுவார். நடந்து வந்த வயிற்றுக்கு அது இதமாக இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பூரியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் வீரபாண்டி. அருப்புக்கோட்டையில் அருஞ்சுனை அண்ணாச்சியின் மாட்டுத்தீவனக் கடையில் லோடு இறக்குகிறவன். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. மீசை முளைக்கும் முன்பே மூட்டைக்குப் போய்விட்டேன். எழுத்துப் படித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான். திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் ஊர் மழையை நம்பின ஊர். மழை இல்லாத ஒரு வருஷம், சும்மா இருந்த பெருசுகளையெல்லாம் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து அ, ஆ சொல்லிக் கொடுத்தார்கள். அதில் என்னைவிட அண்ணாச்சிக்குத்தான் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்:

"இவன் இப்பத்தான் படிச்சவன். நம்மள மாதிரி இல்ல. உள்ளத உள்ளபடி வாசிப்பான்."

ஒரு மனுசனை இந்த அளவுக்கு நம்பக் கூடாது.

அண்ணாச்சிக்குப் பெரிய உடம்பு. தொப்புளுக்கு மேலே குடலிறக்கம். நின்றால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிதுங்கும், படுத்தால் உள்ளே போய்விடும். "இவரு எனக்குப் பொறந்த பிள்ளையாரு" என்று அதைத் தடவிக்கொள்வார். குளித்ததும் நெற்றிக்குப் பூசுகிற திருநீற்றில் மிச்சத்தை அங்கே பூசுவார். ஊரில் உள்ள பிள்ளையாருக்குச் சதுர்த்திக்குச் சதுர்த்திதான் கொழுக்கட்டை. இவருக்குத் தினமும் மூன்று வேளை.

மதுரையில் டாக்டரிடம் காட்டப் போனபோது நானும் போனேன். காரிலிருந்து இறங்க அவருக்கு ஒரு தோள் வேண்டும். டாக்டர் சொன்னதை நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன்.

"இருபது கிலோ கொறச்சிட்டு வாங்க. இந்த ஒடம்புல தச்சா தையல் நிக்காது. ஆனா ஒன்னு. இந்தப் பொடைப்பு உள்ள போகாம இறுகி வலிச்சாலோ, வாந்தி வந்தாலோ, எடையெல்லாம் பாக்கமாட்டோம். அந்த நிமிசமே வந்துரணும். அன்னக்கே வயித்தத் திறந்துருவோம். லேட் பண்ணா ஆளு இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சியின் மனைவி தங்கச்செல்வி அக்காவிடம் டாக்டர் பேச்சை நான்தான் ஒப்பித்தேன். இருபது கிலோ, தினமும் நடை, ராத்திரிக்குக் கேப்பைக்கூழ். இறுகினால் உடனே வரச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அக்கா பயந்த சுபாவம். அன்றைக்கு அது நல்ல எண்ணம்தான்.

"இவுகளத் தனியா விட்டா எங்கயாச்சும் உக்காந்து அரசியல் பேசிட்டு, நடந்தேன்னு வந்து நிப்பாக. வீரபாண்டி, நீ கூடப் போ" என்றார்கள் அக்கா. காலையில் நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்பதற்காக, பாலவனத்தத்தில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். காலையிலும் சாயங்காலமும் அண்ணாச்சியோடு நடக்க வேண்டும். மற்ற நேரம் செடிக்குத் தண்ணீர் விட வேண்டும். லோடு கிடையாது.

இங்கே என் இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூட்டையை முதுகில் வாங்கும்போது இடது கால் மரத்துப்போகும். லாரியிலிருந்து பலகையில் இறங்கும்போது அந்தக் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்வேன். நடை வேலைக்கு வந்த பிறகு கால் திரும்ப வந்துவிட்டது. முதன்முறையாக ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினேன். உடம்பு என்று ஒன்று எனக்கும் இருந்திருக்கிறது.

சென்னையிலிருந்து மகள் சுகப்பிரியா அண்ணாச்சிக்கு ஒரு வாட்ச் வாங்கி அனுப்பியது. நடந்தால் அதில் ஒரு தீ படம் வரும், பக்கத்தில் எவ்வளவு கலோரி எரிந்தது என்று எண் வரும். தன் போனிலும் அதைப் பார்க்கிற மாதிரி செய்து தரச் சொன்னது. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "எம் வயித்த எட்டிப் பாக்க எம்மக எதுக்கு?" என்றார். அவருக்குச் சின்ன எண் தெரியாது. கண்ணாடி போட்டு நடந்தால் தலை சுற்றும். ஆகையால் விலக்கு வந்ததும் கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"எவ்வளவு எரிஞ்சிருக்கு, வீரபாண்டி?"

நான் வாசிப்பேன். உள்ளதை உள்ளபடி.

எரித்ததைத் திருப்பித் தின்னலாமா கூடாதா என்று அந்த வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

"அப்பா, எரிச்சதத் திருப்பிச் சாப்பிட்டா அப்புறம் எதுக்கு நடக்குறீங்க? அந்த வாட்ச்சே கூட்டித்தான் காட்டும்ப்பா."

"ஏ பாப்பா, கடையில சரக்குப் போச்சுன்னா திரும்ப வாங்கி வைக்கமாட்டேனா? காலி ரேக்க வச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணச் சொல்றியா?"

"ஒங்க குடோன்ல முப்பது வருச சரக்கு தேங்கிக் கெடக்கு. மொதல்ல அதக் காலி பண்ணுங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுலே. ஒழச்சவன் நீதான்."

"மூட்டை தூக்குனவன் சாப்பிடாட்டி அடுத்த மூட்டையத் தூக்க முடியாது அண்ணாச்சி" என்றேன். அது நான் மனசறிந்து நம்பின விஷயம். அதில் சூது எதுவும் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து பூரி. ஒரு பூரிக்கு நூறு என்று அண்ணாச்சியே ஒரு விலை வைத்துக்கொண்டார். வாட்ச் இருநூறு என்றால் இரண்டு பூரி. முதல் விள்ளலைப் பிட்டு வயிற்றுக்கு நேரே காட்டி, "பிள்ளையாருக்குப் படைச்சாச்சு" என்று வாயில் போடுவார். எனக்கும் அதே கணக்கில் ஒரு தட்டு வரும். "தங்கச்செல்விகிட்ட மூச்சு விட்டுறாத" என்பார். நான் விடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, அப்படித் தின்றும் அவர் இளைத்தார். கடையில் மூட்டை போடுகிற எடை மேடையில்தான் அவரை ஏற்றுவேன். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டது. எரித்ததைத் திருப்பித் தின்னலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாகத் தின்னலாம். எரித்தது எவ்வளவு என்று சொல்கிறவன் யார் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆறு கிலோவைக் கேட்ட அன்றைக்கு அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஒரு தம்ளர் காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "இப்படியே போனா சீக்கிரம் ஆப்பரேசன முடிச்சிரலாம். அப்புறம் நீ பழையபடி லோடுக்கே போயிரலாம் வீரபாண்டி. இவுக கூட அலையுற தொல்ல ஒனக்கும் விட்டுது."

"சரிக்கா" என்றேன். காபி நன்றாக இருந்தது.

மறுநாள் விலக்கில் வாட்ச் இருநூற்றுப் பத்து காட்டியது. நானூற்றுப் பத்து என்று வாசித்தேன். முன்னால் இருந்த ஒரு எண்ணைத்தான் மாற்றினேன். மற்ற இரண்டும் உள்ளபடியே இருந்தன.

"ஏயப்பா" என்றார் அண்ணாச்சி. "நேத்துப் பேஞ்ச மழைக்கு ரோடு கனமா இருந்துச்சு, அதான். பாண்டீசு, நாலு பூரி. பத்து கலோரி ஒனக்கு டிப்ஸு."

எங்கள் ஊரில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்களை என்னிடம்தான் வளர்க்கக் கொடுப்பார்கள். எனக்கு அதில் பெயர் உண்டு. கட்டிப்போட்ட கிடாய் தேறாது. மந்தம் தட்டி, வைத்த தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்மாய்க்கரை வரைக்கும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும். நடந்து வந்த பசிக்கு எவ்வளவு வேண்டுமோ, அதற்கு மேல் ஒரு கை பருத்திக்கொட்டை கூட வைத்தால் போதும். அந்த ஒரு கைதான் சதை. கிடாய்க்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. நடத்திக் கூட்டிப்போகிறவனை நல்லவன் என்று நினைத்துக் கையை நக்கும்.

அண்ணாச்சியைக் கிடாய் என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவனுக்குக் கை தானாகப் போகும் என்று சொல்லுகிறேன்.

அவரைப் பெருக்கவைக்கவும் நான் நினைக்கவில்லை. இளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். எடை மேடையில் என் விரல் பட்டதில்லை. அதில் வந்த எண் எல்லாம் நிஜ எண். இறங்கின ஆறு கிலோவும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"ஏம்லே கொறய மாட்டேங்குது?"

"இன்னும் கொஞ்சம் கூட நடப்போம் அண்ணாச்சி."

கூட நடந்தோம். கூடப் பசித்தது. சுகப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்து என்னிடமே கேட்டது: "அண்ணே, அப்பா நெசமாவே நடக்குறாகளா?"

"சத்தியமா நடக்குறாகம்மா. நான் கூடவே போறேன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆப்பரேஷன் தைக்குத் தள்ளிப்போனது, அப்புறம் சித்திரைக்குப் போனது. அவர் எடை அப்படியே நின்றது, என் இடுப்பும் அப்படியே நின்றது. இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் உதவியாக இருந்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் காலையில் அவர் நடை சரியில்லை. பாதி வழியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையாரு இன்னக்கி முறுக்கிக்கிட்டு இருக்காருலே. உள்ள போகமாட்டேங்காரு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். புண்ணாக்குக் கட்டி மாதிரி இருந்தது.

"டாக்டரு என்னமோ சொன்னாருல்ல? இறுகுனா வரச் சொல்லி?"

"அது பாறாங்கல்லு கணக்கா இறுகுனா அண்ணாச்சி. இது பசி."

என் சட்டைப் பையில் போன் இருந்தது. அப்போதே அக்காவுக்குப் போன் போட்டிருந்தால் கார் வந்திருக்கும். மதுரையில் எடை எவ்வளவு என்று கேட்காமல் வயிற்றைத் திறந்து தைத்திருப்பார்கள். அவர் பிழைத்திருப்பார். பிழைத்து எழுந்த பிறகு அவருக்கு நடக்கிற அவசியம் இருந்திருக்காது. இதெல்லாம் அங்கே நின்றபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

விலக்கில் கையை நீட்டினார். நூற்று இருபது இருந்தது. பாதி வழியில் நின்று நின்று வந்ததால் குறைவு. முந்நூற்று இருபது என்றேன். மூன்று பூரி வந்தது. ஒன்றரையோடு தட்டை நகர்த்திவிட்டார். சாப்பாட்டை அவர் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. வீணாகப் போகக் கூடாதென்று அந்த ஒன்றரையை நான் தின்றேன். பிறகு அவர் செம்புத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டு, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தார். வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் தண்ணீர் தெளிப்போம். சிலிர்த்தால் சாமிக்குச் சம்மதம், கிடாய்க்கும் சம்மதம். சிலிர்க்கும் வரைக்கும் தெளித்துக்கொண்டே இருப்போம் என்பது வேறு விஷயம்.

திரும்பும் வழியில் பாலத்தடியில் வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிவிட்டேன். வீட்டில் அக்கா கேட்டதற்கு, "ஒன்னுமில்லக்கா, வாய்வு. சுக்குத்தண்ணி குடுங்க" என்றேன். பூரி விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று அண்ணாச்சியும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மதியம் கண் சொருகிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். குடல் கருத்துவிட்டது என்றார்கள். அன்றைக்கு அவர் எடை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

எழவுக்கு வந்த சுகப்பிரியா என்னைப் பிடித்துக்கொண்டு அழுதது. "கடைசி வரைக்கும் கூடவே நடந்தீங்களேண்ணே" என்றது. ஆமாம் என்றேன். ஒரு ஆளுக்கு இருபது கிலோ குறையட்டும் என்று வேண்டாமல், குறையாமல் இருக்கட்டும் என்று வேண்டினவனுக்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிட்டேன். வாட்ச்சைத் தப்பாக வாசித்தவன் நான். பசி என்று சொன்னவன் நான். அவரைக் கொன்றது நான்.

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. இனி அப்படிச் செய்வதில்லை என்று சாமி முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன். அது நல்லதாகப் போயிற்று. அண்ணாச்சி போன துக்கத்தில் அக்கா ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரை ஏறி, உடம்பும் போட்டுவிட்டது. எடை குறையாவிட்டால் இருதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஷெட்டை நான் காலி செய்யவில்லை. சுகப்பிரியா அப்பாவின் வாட்ச்சை அம்மா கையில் கட்டிவிட்டு, "வீரபாண்டி அண்ணன் கூட்டிட்டுப் போவாக" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

இன்றைக்குத்தான் ஆரம்பித்தோம். பாவம், பழக்கமில்லாத கால். விலக்கு வருவதற்குள் முகம் வாடிவிட்டது. பாண்டீஸ்வரன் அப்போதுதான் பூரியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கையை நீட்டி, "எவ்வளவு எரிஞ்சிருக்கு, வீரபாண்டி?" என்றார்கள்.

தொண்ணூறு இருந்தது. முந்நூறு என்றேன். முதல் நாளிலேயே மனசு விட்டுப்போகக் கூடாது இல்லையா.