மச்சானுக்கு வைத்த குளிர்

'பீப்' என்று ஏசி கத்தியது. நான் சோபாவை விட்டு அசையவில்லை. எங்கள் வீட்டில் நான் சொன்னவுடன் கேட்ட முதல் ஜீவன் அதுதான். அந்தச் சந்தோஷத்தை உட்கார்ந்தபடியே அனுபவித்தேன்.

புதிதாக மாட்டிய ஏசிகளை அன்று கைபேசியோடு இணைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் அறையும் விருந்தினர் அறையும் ஒட்டினாற்போல் இருப்பவை. ஏசியும் ஒரே மாதிரி. ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தம் வந்த பக்கத்தை உத்தேசமாகப் பார்த்துப் பெயர் வைத்தேன். ஒன்று 'அம்மா', மற்றது 'மச்சான்'. அம்மாவுக்குக் குளிர் ஆகாது. 'அம்மா'வை எப்போதும் அணைந்தே இருக்கும்படி வைத்தேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன், சோபாவில் ஒரு மூலை கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டான். அதைக்கூடப் பொறுத்தேன். ஆனால் அம்மாவின் சீரியல் நேரத்தில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கால்பந்து பார்த்தான். "பாத்துட்டுப் போகட்டும்ப்பா, சின்னப் பையன்" என்றார் அம்மா. பெற்றவள் மனம் நோவதை எந்த மகன் பார்த்துக்கொண்டிருப்பான்?

நான் சண்டைக்காரன் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப்பின் அவன் குட்டித்தூக்கம் போடும் நேரத்தில், அலுவலகத்தில் இருந்தபடியே 'மச்சான்' மேல் விரலை வைத்து இருபதுக்கு இறக்கினேன்.

மாலையில் சீட்டியடித்தபடி எதிரே வந்தான். பதினெட்டாக்கினேன். "செம தூக்கம் மாமா" என்றான். எருமைத்தோல். பதினாறாக்கினேன். ரிமோட்டில் மாற்றினாலும் தானே பதினாறுக்குத் திரும்பும்படி செய்தேன்.

இதற்கிடையில் அம்மாவுக்கு உடம்பு படுத்தியது. தலையில் கம்பளித் தொப்பி, காலில் சாக்ஸ், கையில் எப்போதும் வெந்நீர். டாக்டர், வயசாகிறது என்றார். "கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்டுல இருந்துட்டு வரேன்ப்பா. இந்த வீடு ஒத்துக்கல" என்றார் அம்மா.

சீரியல் போன துக்கம்தான் உடம்பில் இறங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் கிளம்புவதற்குள் அவனைக் கிளப்பியாக வேண்டும். மருந்துபோல் மூன்று வேளையும் குளிரைக் கொடுத்தேன்.

ஒப்புக்கொள்கிறேன். ஒரு மனிதனை உறையவைத்து விரட்டப் பார்த்தேன். ஆனால் அம்மாவுக்காகத்தான் செய்தேன்.

அவன் அசையவில்லை. அம்மாதான் வாசலில் வந்து நின்றார், பல் தந்தியடிக்க. பின்னால் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான் மச்சான். என்னை ஓரமாக அழைத்தான்.

"மாமா, கோச்சுக்காதீங்க. மாட்டினதுல இருந்து என் ரூம் ஏசி ஓடவே இல்ல, ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் தூங்குறேன். அத்தை ரூம் ஏசிதான் என்ன அமுக்கினாலும் பதினாறுலயே நிக்குது. 'புள்ள ஆசையா மாட்டினது, சொன்னா மனசு கஷ்டப்படுவான்'னு அவங்கதான் சொல்லக் கூடாதுன்னாங்க!"