வெளிப்பக்கப் பூட்டு

— இந்தா, நனைச்ச துணி. ஜன்னல் கம்பிக்குள்ள என் கை முழங்கை வரைக்கும்கூடப் போகல. நீதான் கிட்ட வந்து வாங்கணும், கண்ணு.

— பாப்பாவை மடியிலேருந்து இறக்கவே பயமா இருக்குக்கா. இறக்கினா மறுபடி இழுக்குமோன்னு.

— இழுப்பு நின்னுடுச்சா?

— கை கால் வெட்டறது நின்னுடுச்சு. கண்ணுதான் சொருகினாப்புல இருக்கு. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. உடம்பு கொதிக்குதுக்கா.

— ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதுவும் ஊத்தாத, தண்ணிகூட வேண்டாம். இதோ வெல்டர் வந்துட்டாரு. என்ன தம்பி, அவசரம்னு சொன்னா விருந்துக்கு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றீங்க?

— கட்டிங் மிஷினைத் தூக்கிட்டு ஓட முடியுமாக்கா? உங்க தையல் கடை ஷட்டர் மாட்டிக்கிச்சுன்னுதானே சொன்னீங்க?

— உண்மையைச் சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்க. இந்தக் கதவை வெட்டணும்.

— இதையா? தெருக் காவல் குழுத் தலைவர் வீட்டுக் கதவையா?

— தலைவர் வீட்டுக் கதவைத்தான். உள்ள அவர் பொண்டாட்டி இருக்கு. மடியில ரெண்டு வயசுப் பாப்பா. காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்.

— ஏம்மா, உள்ளேருந்து திறந்துக்கலாமே?

— எப்படிண்ணா? நீங்கதானே இந்தப் பூட்டைப் போட்டீங்க. உள்பக்கம் சாவித்துளையே இல்லையே.

— ஆமால்ல. பாப்பா விளையாட்டா உள்ள பூட்டிக்கும், அதனால துளை வேண்டாம்னு தலைவர் சொன்னாரு. நியாயமாத்தான் பட்டுச்சு.

— அப்ப பாப்பா பொறக்கவே இல்லண்ணா.

— நியாயத்தை அப்புறம் பேசலாம் தம்பி. மிஷினை இறக்குங்க.

— இருங்கக்கா, இருங்க. அவருக்கு ஒரு போன் போட்டா அஞ்சு நிமிஷத்துல வந்து திறந்துடப் போறாரு.

— போட்டேன், போட்டேன், விரல் தேஞ்சதுதான் மிச்சம். எடுக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல கூட்டமாம். நம்ம தெருவுல திருட்டை ஒழிச்சதுக்காகப் பாராட்டறாங்களாம்.

— நீ போடேம்மா. பொண்டாட்டி நம்பர்னா எடுப்பாரு.

— என் போனைக் காலையில போகும்போது வாங்கிட்டுப் போயிடுவாருண்ணா. பொம்பளைங்க வாயிலேருந்துதான் திருடனுக்கு வீட்டு நிலவரம் தெரியுதுன்னு சொல்லுவாரு.

— தினமுமா?

— தினமும்தான்.

— அதான் கேட்டாச்சுல்ல, இப்ப வெட்டுங்க.

— அக்கா, சொல்றதைக் கேளுங்க. நியாயமாப் பாத்தா எனக்கு இந்தத் தெருவுல சோறு போடறதே அவருதான். ஒவ்வொரு வீட்டுக்கும் கிரில், கேட், ஜன்னல் கம்பி, எல்லாம் அவர் வாய் வார்த்தையில வந்த வேலை. அவர் இல்லாத நேரத்துல அவர் வீட்டுக் கதவையே அறுத்தேன்னா, நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்?

— நான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்ல.

— உங்க வீட்டுல அறுக்க என்ன இருக்கு? ஒரு தாழ்ப்பாளும் கிடையாது.

— நான் தனிக்கட்டை. என்னைப் பூட்டி வெச்சு யாருக்கு என்ன லாபம்? சரி, ஜன்னல்ல ரெண்டு கம்பியை மட்டும் வெட்டுங்க. குழந்தையையாவது வெளிய வாங்கிடலாம்.

— ஜன்னல்தான்கா இன்னும் கஷ்டம். கம்பிக்குப் பின்னாடி குறுக்குப்பட்டை, அதுக்குப் பின்னாடி இன்னொரு வரிசைக் கம்பி. குழந்தை தலை நுழையாத அளவுக்கு நெருக்கிப் போடச் சொன்னாரு.

— ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. கை குலுக்கணும் போல இருக்கு.

— குத்திக் காட்டாதீங்கக்கா. திருடனுக்காகப் போட்டது.

— அக்கா!

— என்னம்மா?

— மறுபடியும் இழுக்குதுக்கா. வாய் ஒரு பக்கமாக் கோணுது. உதடு நீலமாகுது. அக்கா, என் குழந்தை...

— ஒருக்களிச்சே வை. அழுத்திப் பிடிக்காத. வாய்க்குள்ள விரல் விடாத. நான் இங்கதான் இருக்கேன். தம்பி, நீங்களும் பிள்ளைகுட்டி பெத்தவர்தானே. உள்ள எட்டிப் பாருங்க. பாத்துட்டு, அப்புறம் தலைவர் வரட்டும்னு சொல்லுங்க. நான் வாயைத் திறக்கல.

— தள்ளுங்க, பாக்கறேன்.

— பாத்தீங்களா?

— பிளக் எங்கக்கா இருக்கு?

— என் வீட்டுல, தையல் மிஷின் போடற இடத்துல. ஒயர் எட்டும். குடுங்க, நான் மாட்டறேன்.

— ஏம்மா, பாப்பாவைத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிடு. பொறி பறக்கும். ஈரத்துணியைப் போத்திக்க.

— எவ்வளவு நேரமாகும்ணா?

— பூட்டைச் சுத்தித் தகட்டுல பெட்டி கட்டி வெச்சிருக்கேன். அதை அறுக்க முடியாது. கீல்ல கை வெச்சாத்தான் ஆகும். அதுலயும் கீல் ஆணியை வெளிய தெரியாம உள்ள விட்டு மூடிட்டேன். நல்ல வேலைக்காரன்னு பேர் வாங்கணுமே.

— மாட்டிட்டேன் தம்பி. ஆரம்பிங்க.

— ஒதுங்கி நில்லுங்க. கண்ணை மூடிக்கோங்க.

— நிறுத்துங்க, நிறுத்துங்க. உங்க சட்டைப்பையில போன் அடிக்குது.

— தலைவர்தான்கா.

— குழந்தைக்கு வலிப்புன்னு நான் கூப்பிட்டா எடுக்கல. கதவுல மிஷினை வெச்சதும் அவரே கூப்பிடறாரு. எப்படித் தெரிஞ்சுது?

— கம்பத்துல கேமரா இருக்குல்ல. அவர் போன்லயே பாக்கலாம். ஹலோ, சொல்லுங்க தலைவரே. ஆமாங்க, நான்தான். இல்லைங்க, பாப்பாவுக்கு ரொம்ப முடியல... இல்லைங்க, என் கண்ணால பாத்தேன்... நடிப்பெல்லாம் இல்லைங்க, ரெண்டு வயசுக் குழந்தை என்னங்க நடிக்கும்... சரிங்க, நீங்க வர எவ்வளவு நேரமாகும்?... கூட்டம் முடிஞ்சா? அது எப்பங்க முடியும்?

— குடுங்க இங்க. ஐயா, நான் பக்கத்து வீட்டுத் தையல்காரி. குழந்தை உதடு நீலம் பாரிச்சுடுச்சு. நீங்க வரவே வேண்டாம், கதவு எப்படித் திறக்கும்னு மட்டும் சொல்லுங்க... என்னது? ஒழுங்கா இருக்கற குடும்பத்தை நானா கெடுக்கறேன்? கெடுத்துட்டுப் போறேன். சாவி எங்க இருக்கு?... வெச்சுட்டாரு.

— என்ன சொன்னாரு?

— அவ வெளிய போறதுக்குக் குழந்தையைச் சாக்கு வைக்கறாளாம். போன தடவையும் இப்படித்தானாம்.

— போன தடவைன்னா?

— போன தடவை எனக்குண்ணா. பாப்பாவுக்கு முன்னாடி ஒண்ணு வயித்துல இருந்துச்சு. காலையில வலி எடுத்துச்சு, சாயங்காலம் அவர் வந்துதான் கதவைத் திறந்தாரு.

— அடுப்படிக்குப் போகலையாம்மா நீ?

— போறேண்ணா. நீங்க நிறுத்திட்டீங்களோன்னு பாக்க வந்தேன்.

— நிறுத்த மாட்டேன். போ. பாப்பா மேல பொறி படக் கூடாது.

— தம்பி, இங்க பாருங்க. தெருக் காவல் வாட்ஸ்அப் குழுவுல செய்தி போட்டுட்டாரு. என் வீட்டுக் கதவை உடைக்கறாங்க, எல்லாரும் உடனே போங்கன்னு. கூடவே உங்க போட்டோ.

— என் போட்டோவா?

— கேமராவுல வந்தது. முகம் தெளிவா இருக்கு. கையில மிஷின் வேற. பாத்தாத் திருடன் இல்லேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

— நியாயமாப் பாத்தா நான் இப்ப ஓடணும்கா.

— ஓடுங்க. மிஷினை வெச்சுட்டு ஓடுங்க. நான் அறுக்கறேன்.

— நீங்க கத்திரிக்கோல் பிடிக்கற கை. விரல் போயிடும். நகருங்க. மேல் கீல் விட்டுடுச்சு. இன்னும் ஒண்ணுதான்.

— தெருமுனையில நாலஞ்சு பேர் வர்றாங்க. மளிகைக் கடைக்காரரும் இருக்காரு. கையில என்னமோ கட்டை மாதிரி.

— நீங்க பேசுங்கக்கா. நான் திரும்பிப் பாக்கல. பாத்தா அறுப்பு விலகிடும்.

— அண்ணாச்சி, அங்கயே நில்லுங்க. திருடன் இல்ல, நம்ம வெல்டர். உள்ள தலைவர் குழந்தை சாகக் கிடக்கு. கட்டையை ஓங்கணும்னா முதல்ல என் மேல ஓங்குங்க. இல்லேன்னா அதைக் கதவுக்கு அடியில குடுத்து நெம்புங்க. ஏதாவது ஒண்ணைச் செய்ங்க, சும்மா நிக்காதீங்க.

— விட்டுடுச்சுக்கா. பிடிங்க, கதவு சாயுது. அண்ணாச்சி, அந்தப் பக்கம் தாங்குங்க. ஏம்மா, வா. வா சீக்கிரம்.

— அண்ணா, அவர்கிட்ட சொல்லாம நான் எப்படி...

— குழந்தை மூச்சு விடுதா?

— விடுது. கொஞ்சமா விடுது.

— அப்ப அவர்கிட்ட என்ன சொல்லிட்டுப் போறது? வா. சூடா இருக்கும், நிலைப்படியில கால் படாமத் தாண்டு. அக்கா, செருப்பு இல்ல அதுக்கு.

— என் செருப்பைப் போட்டுக்க. அண்ணாச்சி, உங்க வண்டியில ஏத்துங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க. யார் போன் பண்ணினாலும் நடுவுல நிறுத்தாதீங்க, அது தலைவரா இருந்தாலும். கண்ணு, குழந்தையை ஒருக்களிச்சே வெச்சுக்க. நான் பின்னாடியே வர்றேன். போ.

— போயிட்டாங்கக்கா. தெருமுனை திரும்பிட்டாங்க.

— நீங்க உக்காருங்க. தண்ணி குடிங்க.

— குழந்தை பிழைச்சுக்கும்லக்கா?

— தெரியல தம்பி. தெரிஞ்ச மாதிரி பேசப் பிடிக்கல.

— நான் அன்னிக்குத் தெருக் கூட்டத்துல கைதட்டினவன்கா. தலைவர் இந்தப் பூட்டைக் காட்டி, இனிமே ஆம்பளைங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம்னு சொன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க. அன்னிக்கு ஒரே நாள்ல ஏழு வீட்டுக்கு இதையே கேட்டாங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கல.

— மிஷினை நிறுத்துங்க தம்பி. இரும்பு அதிர்ற சத்தத்துல நீங்க பேசறது கேக்கல.

— எப்பவோ நிறுத்திட்டேன்கா. அது எதிர்வீட்டுல உள்ளேருந்து இரும்புக் கதவைத் தட்டற சத்தம்.