கதிர் படாத செல்கள்

காலையில் நொய்ச்சோறு சாப்பிடாவிட்டால் எனக்கு அன்றைக்கு எந்த வேலையும் ஓடாது. வியட்நாமில் எங்கள் கான் தோ ஊரில் பிறந்தவர்கள் பலர் அப்படித்தான். என் அக்கா ஹுவே படகுத்துறைப் பக்கம் நொய்ச்சோற்றுக் கடை வைத்திருந்தாள். பல்கலைக்கழகம் போகும் வழியில் தினமும் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், எங்களுக்குள் எந்த மனக்கசப்பும் கிடையாது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். உடம்பில் உள்ள ஒரு செல் ஓரளவுக்குப் பிரிந்து பெருகும், பிறகு நின்றுவிடும். மூப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். புற்றுநோய்ச் செல்லுக்கு நிற்கத் தெரியாது. நிற்க வேண்டிய செல் எந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறது என்பதைத்தான் வாழ்நாள் முழுக்கத் தேடினேன். எலிகளில் தேடினேன், கண்ணாடித் தட்டுகளில் தேடினேன். தலை நரைத்தது, கல்யாணம் தள்ளிப்போய் நடக்காமலே போனது, கையில் ஒன்றும் சிக்கவில்லை.

"தட்டுல இருக்கற பூச்சிங்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுற. ஒரு பொண்டாட்டிக்குப் போட மாட்டேங்குற," என்பாள் அக்கா.

"பூச்சி இல்லக்கா, செல்லு."

"என்ன எழவோ. அதுங்களாவது உன்னைக் கவனிச்சுக்குதா?"

புத்தாண்டு முடிந்ததும் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எங்கள் பக்கம் இந்த மாதிரி நோயை நோயாளியிடம் யாரும் நேராகச் சொல்வதில்லை. வீட்டில் படித்தவர் யாரோ, அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். டாக்டர் வின் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"மூக்குக்குப் பின்னால இருந்து வந்த புத்துநோய். நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. இப்பவே கதிர்வீச்சு வச்சா பொழச்சுக்குவாங்க. அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அக்காவுக்குச் சைகோனில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நம்பினார். சோதனைக்கு எடுத்ததில் மீந்த சதைத் துணுக்கைக் கேட்டேன், கொடுத்தார்.

அந்தத் துணுக்கில் நான் தேடியது இருந்தது. நின்றுபோன செல்களுக்கு நடுவே சில செல்கள் அப்போதுதான் தாண்டத் தொடங்கியிருந்தன. மிச்சத்தைப் பார்க்க அதே கட்டியிலிருந்து சில மாதம் கழித்து இன்னொரு துணுக்கு வேண்டும். நடுவில் கதிர் பட்டுவிட்டால் அந்தத் தடமே அழிந்துவிடும்.

"தம்பி, இது அந்தப் பொல்லாத வியாதி இல்லையே?" என்று அக்கா கடையில் கறி சுட்டுக்கொண்டே கேட்டாள்.

"நெறி கட்டியிருக்குக்கா. தானா வத்திடும்."

"நீ சொன்னா சரிதான்."

அவள் மகள் தாவிடம் மட்டும் புற்றுநோய் என்று சொன்னேன். முற்றிவிட்டது, கதிர் வைத்தால் வீண் வேதனைதான் என்றும் சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா. தாங்க மாட்டாங்க." சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றினேன்.

அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வீட்டைவிட்டுக் கிளம்புவேன். கடைக்குப் போய் உட்கார்ந்தால் வாய் வராது. என்னை நானே தடுக்க முடியாமல், சாப்பிட்டுவிட்டு எழுந்து வேலைக்குப் போவேன். அந்த மாதங்களில் என்னைவிடக் கையாலாகாதவன் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டான்.

இரண்டாவது துணுக்கை நானே எடுத்தேன். நீர் கோத்திருக்கிறது, ஊசியால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிக் கடையின் பின்பக்கம் உட்காரவைத்தேன். அவள் முடியை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"வலிக்குதாக்கா?"

"உன் கைதானே. வலிக்காது."

எல்லாம் கிடைத்தது. ஒரு செல் எப்படி நிற்காமல் தாண்டுகிறது என்பதை அடிமுதல் நுனிவரை பார்த்துவிட்டேன். அதற்குள் நோய் எலும்புக்குப் போயிருந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறும் பருவத்தில் அக்கா இறந்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தாவ் எனக்கு நன்றி சொன்னாள். "நீங்க மறைச்சு வச்சதாலதான் மாமா, அம்மா கடைசிவரைக்கும் பயப்படாம இருந்தாங்க." அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

என் கட்டுரை வெளியானது. சிகிச்சையே பெறாத ஒரு பெண்ணின் கட்டி என்று அதில் எழுதியிருந்தேன். டாக்டர் வின் படித்திருக்கிறார். அவர்தான் உங்களிடம் புகார் கொடுக்க வந்தார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பிழைக்கக்கூடியவள் என்று தெரிந்தேதான் சாகவிட்டேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் சம்மதம் இல்லாமல் துணுக்கை எடுத்தேன் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கேட்டிருந்தால் அக்கா மறுத்திருக்கவே மாட்டாள். கேட்பதற்குத்தான் ஒரு நல்ல சமயம் அமையவில்லை.