இழுப்பறைக்குக் கடைசிப் பூச்சு

உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஓர் அறை வேண்டும் என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். "எதை வேணா கேளு, அண்ணன் ரூமை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதே" என்று அம்மா சிறு வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள். அண்ணனுக்கு மூச்சிழுப்பு. அதனால் அவனுக்குத் தனியறை, கட்டில், ஜன்னல். எனக்குச் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் நடை. அங்கே உட்கார்ந்துதான் வேதியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யார் குளிக்கப் போனாலும் என் புத்தகத்தைத் தாண்டித்தான் போவார்கள்.

இத்தனை நாள் கேட்காதவள் இப்போது கேட்டதற்குக் காரணம் உண்டு, இன்ஸ்பெக்டர் மேடம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்குக் கணினி வழியாக நேர்காணல் வைத்தார்கள். நடையில் சுவரை ஒட்டி உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போனது. அண்ணன் இடுப்பில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்து, என் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் பார்த்தான்.

"யாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா? பொண்ணு நல்லா சண்டை போடும், எழுதிக்கோங்க."

திரையில் இருந்த அம்மையார் சிரிக்கவில்லை. வீட்டில் அமைதியான இடம் உள்ளவர்களைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கே கேட்டேன். "நாலு எழுத்துப் படிச்சுட்டா தலையில கொம்பு முளைச்சிருதா?" என்றார் அப்பா. அண்ணன்தான் நல்லவன் மாதிரி நடுவில் வந்தான். "விடுங்கப்பா. அவளுக்கு என் ரூம்ல இருக்கணும், அவ்வளவுதானே? என் மேஜைக்குப் பெயிண்ட் அடிக்கட்டும். கெமிஸ்ட்ரி எல்லாம் வேற எதுக்குப் படிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவன் வாங்கி வந்திருந்தது பெயிண்ட் பார்க்காத எம்டிஎஃப் மேஜை. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. முகப்பு வழவழவென்று இருக்கும், விளிம்புதான் தொல்லை. எத்தனை தடவை பூசினாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று நிற்கும். அதனால் மரப்பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி முதலில் விளிம்புகளை அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்தால் மாவு மாதிரி தூள் பறக்கும். நான் முகக்கவசம் போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் அறையைப் பெருக்கித் துடைத்தேன். அவன் மெத்தையை மட்டும் தட்டவில்லை. தட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

அப்புறம் பிரைமர், மறுபடி தேய்ப்பு, எனாமல். பெயிண்ட் கடைக்காரர் சாமானைக் கட்டிக் கொடுக்கும்போதே எச்சரித்திருந்தார். "தொட்டா காஞ்ச மாதிரிதாம்மா இருக்கும், நம்பிடாதீங்க. ட்ராயரை வெளியே எடுத்துத் தனியா காய விடுங்க. உள்ளே தள்ளி மூடினீங்கன்னா பெயிண்ட்டும் பெயிண்ட்டும் ஒட்டிக்கும். அப்புறம் தகடு விட்டு நெம்பணும்." தலையாட்டினேன்.

கடைசிப் பூச்சு அடித்த அன்று, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருந்தேன். இழுப்பறைச் சாமான்களை எல்லாம் ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தேன். சீப்பு, கடிகாரம், அவன் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து. பம்ப் என்போம். ஒவ்வொன்றையும் துடைத்து அதனதன் இடத்தில் வைத்தேன். இழுப்பறையை உள்ளே தள்ளி முழங்காலால் அழுத்தினேன். ஈரத்தில் தூசி படியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினேன்.

மதியம் அண்ணன் வேலையிலிருந்து வந்தான். அப்பா வேலையில் இருந்தார். அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். "வாடையா இருக்கு, இன்னைக்குக் கூடத்துல படுத்துக்கோ" என்று நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"என்னைக் கிளப்பிட்டு நீ உள்ளே பூந்துக்கலாம்னு பார்க்கிறியா?" என்று கதவை அறைந்து சாத்தினான். அப்படித்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். அவன் கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

நடையில் உட்கார்ந்து, பட்டி பூசுகிற மெல்லிய இரும்புத் தகட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். முதலில் இருமல் கேட்டது. பிறகு அந்த விசில். அவன் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் எழுந்து ஓடுவது நான்தான். பாதித் தூக்கத்தில்கூட ஓடியிருக்கிறேன். அன்று தகட்டைச் சுரண்டி முடித்துவிட்டு எழுந்தேன்.

கதவைத் திறந்தபோது மேஜைக்கு முன்னால் மண்டியிட்டு இழுப்பறைக் குமிழைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்த இழுப்பில் குமிழ் திருகாணியோடு கழன்று வந்தது. ஓட்டையிலிருந்து பழுப்புத் தூள் கொட்டியது. அந்தப் பலகை அப்படித்தான், ஒருமுறை பிடி விட்டால் விட்டதுதான். விளிம்பில் நகத்தைக் கொடுத்தான்.

"பிறாண்டாதே, பெயிண்ட் பேர்ந்துடும்" என்றேன்.

என் கையிலிருந்த தகட்டைப் பார்த்தான். அதை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினால் போதும், அவனுக்கும் புரிந்துவிட்டது. கையை நீட்டினான். "தா... தாம்மா" என்றான். என்னை அம்மா போட்டு அவன் கூப்பிட்டதே இல்லை. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தகட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

பெயிண்ட் ஒட்டிக்கொண்டது, எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று அப்பா உங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்கு என்ன தெரியும்? பெயிண்ட் தானாக எதையும் மூடாது. மூடியவள் நான். மருந்தை உள்ளே வைத்து மூடியவள் நான். சான்றிதழ்களையும் துணிமணிகளையும் அன்று காலையிலேயே, கடைசிப் பூச்சுக்குத் தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, பையில் கட்டி வைத்துவிட்டேன். அதனால் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை.

வாசலில் அம்மா எதிரே வந்தாள்.

"பையும் கையுமா எங்கடி கிளம்பிட்டே?"

"வேலை தேடி."

"திமிரு. அண்ணன் சாப்பிட்டானா?"

"தூங்குறான்மா. எழுப்பாதே."

அம்மா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மெதுவாப் பேசேன்டி" என்று என்னைத்தான் அதட்டினாள். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல், அவன் தூக்கம் கெடக் கூடாதென்று வெளிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் அவளைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தேன்.