வாசல் இல்லாத முற்றம்

வெள்ளைக்காரர்களுக்கு எங்கள் ஊர் இஞ்சித் தேத்தண்ணீர் பிடிக்கும், ஐயா. சீனியை மட்டும் குறைத்துப் போட வேண்டும். பொத்துவிலிலிருந்து அவர்களை என் ஆட்டோவில் மருதமுனைக்கு ஏற்றி வருவேன். எல்லோருக்கும் ஒரே ஏக்கம். காலி நகரத்துக் கோட்டையில் மதிலுக்குள்ளே சின்னச் சின்னக் கடைகளையும் ஒளிந்திருக்கும் முற்றங்களையும் பார்த்தார்களாம். இங்கேயும் உண்டா என்றார்கள். வந்த விருந்தாளியிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றேன்.

சுவர் இருந்தால்தானே சித்திரம். என் தங்கை மௌத்தான பிறகு, அவள் புருஷன் முகைதீன்பாவா தன் வீட்டு வளவில் தனியாகக் கைத்தறிச் சாரன் நெய்து விற்று வந்தார். மச்சானின் மதிலை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றினேன். பாசி பிடிக்கட்டும் என்று தயிர் கரைத்து ஊற்றினேன். ஆனால் முதலில் வந்த பெண், கேற்றைத் திறந்ததுமே முகம் வாடிவிட்டாள். வாசல் உள்ள முற்றம் எப்படி ஒளிந்த முற்றமாகும்? நியாயம்தான். மச்சான் பகல் சோறு தின்று படுத்திருந்தபோது வாசலைக் கல் வைத்து அடைத்தேன். சாரன் விற்கக் கை நுழைகிற அளவு ஓட்டை விட்டேன். சாப்பாட்டை வாளியில் இறக்கினேன்.

"ஜவாத், விளையாட்டுக் காணும், கல்ல எடுடா!" என்று மச்சான் உள்ளிருந்து கத்தினார். வெள்ளைக்காரர்கள் அதையும் பதிவு செய்தார்கள். அக்கம்பக்கம் முதலில் முணுமுணுத்தது. பிறகு சுவரோரம் அடுத்த வீட்டுச் சபூறா வட்டிலப்பம் விற்றாள். அவள் புருஷன் இளநீர் வெட்டினான். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

தாய் இறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த மச்சானின் மகள் றிஸ்னா மட்டும் விடவில்லை. "மாமா, வெள்ளிக்கிழம எனக்கு நிக்காஹ். வாப்பா கைபுடிச்சுக் குடுக்கணும். சுவர ஒடைங்க," என்று அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். ஓட்டை இருக்கிறதே, கை அதன் வழியே வரும் என்றேன். கல்யாணப் பெண் வெளியே இறங்கக் கூடாது என்று அவளை வீட்டுக்குள்ளேயே இருத்தினேன்.

செவ்வாய்க்கிழமை மச்சான், "நெஞ்சு நோகுதுடா, ஆசுபத்திரிக்குக் கொண்டு போ," என்றார். இஞ்சி கூடப் போட்டுத் தேத்தண்ணீர் இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை சுவருக்கு முன்னால் பாய் விரித்தார்கள். ஓட்டையிலிருந்து கை வந்தது; மாப்பிள்ளை ஷிப்லி அதைப் பற்றிக்கொண்டான். என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று மெல்லிய குரல் வந்தது. றிஸ்னா சுவரில் முகத்தை வைத்து, "வாப்பா, வாப்பா," என்று அழுதாள். வெள்ளைக்காரர்களும் அழுதார்கள். நான் எங்கே என்று யாரும் தேடவில்லை.

நேற்று உங்கள் பொலிஸ்காரர்கள் சுவரை உடைத்துப் பார்த்துவிட்டார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. புதன்கிழமை வாளி இறக்கிய சாப்பாட்டோடே மேலே வந்தது. வியாழனும் அப்படித்தான். வெள்ளி காலை பின்பக்கம் ஏணி வைத்து இறங்கினேன். மச்சான் தறியோடு சாய்ந்து கிடந்தார். புதுச் சாரன் ஒன்றை எடுத்துப் போர்த்திவிட்டு, ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷிப்லி பிடித்தது என் கையைத்தான்.

நீங்களே சொல்லுங்கள், ஐயா. அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை வாப்பா இல்லாமல் அல்லவா கல்யாணம் முடித்திருக்கும்?