குடி போன சிவப்பு

ஊத்துக்குளி பஸ்ஸில் முன் சீட்டுச் சாயப்பட்டறைக்காரர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னதைக் கேட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“சேப்பு, வெள்ளைக்குக் குடி போயிருச்சுங்க.”

“என்னங்க சொல்றீங்க?”

“சேப்பும் வெள்ளையும் கோடு போட்ட பனியன் துணிங்க. ஈரத்தோட குமிச்சு வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன். காத்தால பாத்தா வெள்ளைக் கோடெல்லாம் ரோஸ்!”

“அய்யோ, மொத்த லாட்டும் போச்சுங்களா?”

“இல்லீங்க. சோப்புப் போட்டு, கொதிக்கிற தண்ணியில மறுபடியும் அலசுனேன். வெள்ளையில வாடகைக்குத்தானுங்க இருந்துச்சு, காலி பண்ணிருச்சு. சேப்புக் கோடு அப்படியே நிக்குது. அப்பறந்தானுங்க எனக்கு மூச்சே வந்துச்சு.”

நண்பர் அவர் கையைப் பார்த்தார். “உங்க நகமெல்லாம் சேப்பா இருக்குதுங்களே?”

“அது சொந்த ஊடுங்க.”